லயத்து வாசலிலிருந்து லண்டன் வரை: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டன் டவுனில் நான் நடத்துவது ஒரு சின்ன கொமினிகேஷன் கடை. ஃபோட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் படம், கூடவே விமான டிக்கெட் பிரிண்ட். ஒரு ஜனவரி மாதக் காலையில் பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் லண்டனுக்குப் படிக்கப் போகிறாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, பகல் ஒரு மணிக்கு ஏறுறான்னு போட்டிருக்கு. அந்தி ஆறரைக்கு எறங்குறான்னு போட்டிருக்கு. அப்ப அஞ்சரை மணித்தியாலந்தானா லண்டன்? நம்ம கோச்சியில கொழும்புக்குப் போற நேரந்தானே!"

அவருடைய கழித்தலில் பிழை இல்லை. ஆனால் ஒரு மணி என்பது கட்டுநாயக்க விமான நிலையத்துக் கடிகாரம், ஆறரை என்பது லண்டன் கடிகாரம். நடுவில் ஐந்தரை மணித்தியாலம் ஒளிந்திருக்கிறது. உண்மையில் அந்த விமானம் பறப்பது 11 மணித்தியாலம். அதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது, அது எவ்வளவு தூரம், ஏன் அவ்வளவு நேரம், வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று. வாடிக்கையாளர் கூட்டத்துக்கு நடுவே நின்றபடி சொன்னதை இங்கே ஆற அமர எழுதுகிறேன். இதைப் பார்த்து டுபாய், டொரொன்டோ, மெல்பேர்ன் என்று எந்த ஊருக்கும் நீங்களே கணக்குப் போடலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மலையகத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு விமானம் பறக்கிற நேரம் முழுப் பயணத்தில் பல தடவை பாதிகூட வராது. டிக்கெட்டில் அச்சாகாத மணித்தியாலங்களில்தான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில், எந்த விமான நிலையம்?

"லண்டன்" என்பது விமானத்துக்கு ஒரு முகவரி ஆகாது. ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று அங்கே பல நிலையங்கள் உண்டு. டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். கட்டுநாயக்கவுக்கு சி.எம்.பி., ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்., டொரொன்டோவின் பெரிய நிலையத்துக்கு வை.வை.இசட். இந்தக் குறியீட்டை வைத்துத் தேடினால்தான் தூரமும் நேரமும் சரியாக வரும்.

பண்டாரவளை, வெல்லவாய பக்கம் இருப்பவர்களுக்குக் கட்டுநாயக்கவைவிட மத்தள விமான நிலையம் கிட்ட. 2013இல் திறந்தது, ஓடுபாதையும் நீளமானது. ஆனால் அங்கிருந்து நமக்கு வேண்டிய இடத்துக்கு விமானம் கிடைப்பது அரிது. ஆகவே கட்டுநாயக்க என்றே வைத்துக்கொள்வோம்.

நூலும் பூகோள உருண்டையும்

மகனுக்காக வாங்கிய பூகோள உருண்டை ஒன்று என் கடை மேசையில் நிற்கிறது. அதில் இலங்கை கடுகளவு. தூரம் கேட்டு வருகிறவர்களிடம் தையல் நூலைக் கொடுத்து அளக்கச் சொல்வேன். நீங்களும் பாடசாலை உருண்டையில் செய்து பார்க்கலாம்.

நூலின் ஒரு முனையைக் கொழும்பில் வைத்து, மறு முனையை லண்டனுக்கு இழுத்து, தொய்வில்லாமல் இறுக்குங்கள். நூல் தானாக எங்கே படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. இப்போது நூலை ரூலரில் வைத்து அளங்கள். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டை என்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 94 சென்ரிமீற்றர். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர். அப்படியானால் உருண்டையில் ஒரு சென்ரிமீற்றர் என்பது சுமார் 425 கிலோமீற்றர். கொழும்பு முதல் லண்டன் வரை நூல் இருபதரை சென்ரிமீற்றர் வரும். பெருக்கினால் 8,700 கிலோமீற்றர். கைக்கணக்குக்கு இது தாராளமாகப் போதும்.

நூல் வித்தையின் ருசி லண்டனில் இல்லை, டொரொன்டோவில்தான் இருக்கிறது. கடைக்கு வரும் பிள்ளைகளிடம் "கனடாவுக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டால் எல்லாரும் மேற்கே கை காட்டுவார்கள். ஆபிரிக்கா, அப்புறம் அத்லாந்திக் சமுத்திரம், அப்புறம் கனடா. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அப்படித்தானே தெரிகிறது! உருண்டையில் நூலை இறுக்கினால் அது வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறும். இந்தியாவைக் கடந்து, கஸகஸ்தான், ரஷ்யா வழியாக வடக்கு அகலக்கோடு 72 பாகை வரை போய், கிரீன்லாந்தின் பனிக்கு மேலாக இறங்கி டொரொன்டோவுக்கு வரும். உருண்டையைத் தட்டைத் தாளாக விரிக்கும்போது வடக்கும் தெற்கும் இழுபட்டுப் பெருத்துவிடுகின்றன. அதனால்தான் சுவர்ப் படம் நம்மை ஏமாற்றுகிறது. தூரத்தை ஒருபோதும் சுவர்ப் படத்தில் ரூலர் வைத்து அளக்காதீர்கள்.

இன்னொரு நூலைக் கொழும்பிலிருந்து மெல்பேர்னுக்கு இழுத்துப் பாருங்கள். சுமார் 8,360 கிலோமீற்றர் வரும். லண்டனும் மெல்பேர்னும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்.

கல்குலேட்டர் வைத்துத் துல்லியமாக

நூலில் திருப்தி இல்லாதவர்களுக்கு, குறிப்பாக உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு, இந்தப் பகுதி. வேண்டாதவர்கள் அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம்.

தேவையானது இரண்டு நிலையங்களின் அகலக்கோடும் நெடுங்கோடும். கட்டுநாயக்க வடக்கு 7.18 பாகை, கிழக்கு 79.88 பாகை. ஹீத்ரோ வடக்கு 51.47 பாகை, மேற்கு 0.45 பாகை. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் நெடுங்கோடுகளைக் கூட்ட வேண்டும்: 80.33. இரண்டும் கிழக்கு என்றால் கழிக்க வேண்டும். பிள்ளைகள் சறுக்குகிற இடம் இது.

முதலில் இரண்டு அகலக்கோடுகளின் சைன் பெறுமானங்களைப் பெருக்குங்கள்: 0.0978. அடுத்து இரண்டு அகலக்கோடுகளின் கோசைன்களையும் நெடுங்கோட்டு வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.1038. இரண்டையும் கூட்டினால் 0.2016. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று கல்குலேட்டரில் திருப்பிக் கேளுங்கள். 78.37 பாகை என்று சொல்லும். பூமியின் மேல் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111.2 கிலோமீற்றர். பெருக்கினால் 8,715 கிலோமீற்றர். தெற்கு அகலக்கோட்டில் இருக்கும் ஊர் என்றால், மெல்பேர்ன் மாதிரி, அதன் அகலக்கோட்டுக்கு முன்னால் கழித்தல் குறி போட மறக்காதீர்கள்.

பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது, ஆகவே இந்த விடையில் அரை சதவீதத்துக்கும் குறைவான பிசகு இருக்கலாம். நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 8,715 கிலோமீற்றர் என்பது 5,415 மைல். விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். அவர்கள் கணக்கில் இது ஏறக்குறைய 4,700. இணையத்தில் மூன்று இடத்தில் மூன்று எண் பார்த்துக் குழம்பி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த அலகுச் சிக்கல்தான்.

நேர்கோட்டில் யாரும் போவதில்லை

ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்குக் காகம் பறந்தால் 85 கிலோமீற்றர் அளவுதான். நாம் கினிகத்தேனை, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று வளைந்து இறங்கி, கடுவெலையில் அதிவேகப் பாதை ஏறிப் போனால் 150 கிலோமீற்றர் அளவாகிவிடும். ஆகாயத்தில் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அங்கேயும் வளைவு உண்டு.

கொழும்பு–லண்டன் குறுகிய கோட்டை நீங்கள் புள்ளி புள்ளியாகப் பின்தொடர்ந்தால் அது குஜராத் கரைக்கு அப்பால் அரபிக் கடலுக்கு மேலாகப் போகும். சரி பாதித் தூரத்தில் ஈரானின் தெஹ்ரானுக்குப் பக்கத்தில் இருக்கும். முக்கால் தூரத்தில் உக்ரேனின் ஒடெசா அருகே வரும். இப்போது செய்தி வாசிக்கிற யாருக்கும் விஷயம் விளங்கும். உக்ரேன் வான்பரப்பு 2022 பெப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. மத்திய கிழக்கில் பதற்றம் கூடினால் ஈரான் பக்கமும் விமானங்கள் விலகிப் போகின்றன. இதோடு மழைமேகம், காற்று, ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் நுழையும் குறிப்பிட்ட வழிகள் எல்லாம் சேர்ந்து கோட்டை வளைக்கின்றன.

நான் பயன்படுத்தும் தோராயம் இது: குறுகிய தூரத்தோடு 3 முதல் 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கு 8,715 என்பதை 9,000 என்று எடுத்துக்கொள்ளலாம். மகள் போகிற நாளில் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், விமானங்களை நேரடியாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. விமான இலக்கத்தைப் போட்டால் மஞ்சள் பொம்மை மாதிரி ஒன்று நகர்வது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய முழித்திருந்த தகப்பன்மாரை எனக்குத் தெரியும்.

கிலோமீற்றரை மணித்தியாலமாக்குவது

பெரிய பயணிகள் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 850 முதல் 920 கிலோமீற்றர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் தூரத்தை வேகத்தால் வகுத்தால் முடிந்ததா? முடியவில்லை. இரண்டு விஷயம் பாக்கி.

ஒன்று, காற்று. விமானங்கள் பறக்கிற 10, 12 கிலோமீற்றர் உயரத்தில், நமக்கு வடக்கே இருக்கும் நாடுகளுக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் உரமாக வீசும். லண்டனுக்குப் போகும்போது அது முகத்தில் அடிக்கும், திரும்பி வரும்போது முதுகில் தள்ளும். அதனால் மேற்கே போகும்போது மணிக்கு 850, கிழக்கே வரும்போது 920 என்று கணக்கிடுவேன்.

மற்றது, தரையில் ஊர்கிற நேரம். அட்டவணையில் போட்டிருப்பது சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் இல்லை. விமானம் வாசலை விட்டு நகரும் நேரத்திலிருந்து, அங்கே வாசலில் போய் நிற்கும் நேரம் வரை. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் நிற்பது, ஹீத்ரோ மாதிரி நெரிசலான இடத்தில் இறங்க முன் வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் இதற்குள் அடங்கும். இதற்கு அரை மணித்தியாலம் சேருங்கள்.

இப்போது போட்டுப் பாருங்கள். 9,000 கிலோமீற்றரை 850ஆல் வகுத்தால் 10 மணித்தியாலம் 35 நிமிடம். அரை மணித்தியாலம் கூட்டினால் 11 மணித்தியாலம் 5 நிமிடம். டிக்கெட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. திரும்பி வர, 9,000த்தை 920ஆல் வகுத்து அரை மணித்தியாலம் கூட்டினால் பத்தேகால் மணித்தியாலம்.

கிட்டத்து ஊர்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. கொழும்பு–சென்னை 650 கிலோமீற்றர்தான். ஏறுவதும் இறங்குவதுமே பாதி நேரம் என்பதால் விமானம் முழு வேகத்துக்கு வந்து நிலைக்க முன்பே இறங்கத் தொடங்கிவிடும். ஒரு மணி இருபது, முப்பது நிமிடம் என்று அட்டவணையில் இருக்கும். அந்தக் கடலை நம் பாட்டன் பூட்டன் தோணியில் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். 2023இல் அவர்கள் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்தது.

இரண்டு கடிகாரம்

டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இதில் விதிவிலக்கே கிடையாது. ஏறும் நேரம் ஏறும் ஊரின் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரம்.

கணக்குப் போடுவது இப்படி. முதலில் எல்லாவற்றையும் நம் ஊர் நேரத்திலேயே செய்யுங்கள். பகல் 1 மணி, கூட்டல் 11 மணித்தியாலம், நள்ளிரவு 12 மணி. இது ஹட்டன் நேரம். கடைசியில் மட்டும் அந்த ஊர் வித்தியாசத்தைக் கழியுங்கள். ஜனவரியில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். 12இல் ஐந்தரை போனால் அந்தி 6.30. அந்த அம்மாவின் டிக்கெட்டில் இருந்த எண் இப்படி வந்ததுதான்.

ஜனவரி என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள், ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் வித்தியாசம் நாலரை மணித்தியாலம்தான். டொரொன்டோவும் இதேபோல, குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை பின்னால். ஆனால் அவர்கள் மாற்றும் ஞாயிறு வேறு. மெல்பேர்ன் முன்னால் ஓடுகிறது. நம் ஜனவரியில் ஐந்தரை, ஜூலையில் நாலரை. வளைகுடா நாடுகளில் இந்தத் தொல்லை இல்லை. டுபாய் எப்போதும் ஒன்றரை மணித்தியாலம் பின்னால், கட்டார், குவைத், சவூதி இரண்டரை. சென்னைக்கும் திருச்சிக்கும் வித்தியாசமே இல்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1996இல் இலங்கையே கடிகாரத்தை முன்னே தள்ளியது, அந்த வருடமே கொஞ்சம் பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காமல் யாரும் நல்ல நேரம் குறித்ததில்லை.

நடுவில் இறங்கி மாறும் பயணம்

கொழும்பு–டொரொன்டோ குறுகிய தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் கிடையாது. டுபாயில் மாறினால் 3,290, அப்புறம் 11,080, மொத்தம் 14,370. லண்டனில் மாறினால் 8,715, அப்புறம் 5,700 சொச்சம், மொத்தம் 14,430 அளவு. எந்த வழியில் போனாலும் தூரம் ஒன்றுதான்! வித்தியாசம் வருவது காத்திருக்கும் நேரத்திலும், விலையிலும், விசாவிலும்தான்.

நேரம் போட ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மேலே சொன்ன மாதிரி கணக்கிடுங்கள். டுபாய் வரை நாலரை மணித்தியாலம், டுபாயிலிருந்து டொரொன்டோ 14 மணித்தியாலம், நடுவில் மூன்று மணித்தியாலம் காத்திருப்பு. மொத்தம் இருபத்தொன்றரை. டிக்கெட்டில் "மொத்தப் பயண நேரம்" என்று போட்டிருப்பதில் காத்திருப்பும் சேர்ந்தே இருக்கும். ஒரே ஊருக்கு ஒரு டிக்கெட் 21 மணித்தியாலம், இன்னொன்று 34 மணித்தியாலம் என்று காட்டினால் அந்த 13 மணித்தியாலமும் கதிரையில் உட்கார்ந்திருக்கும் நேரம். மலிவு என்று அதை எடுத்துவிட்டு, அங்கே சாப்பாட்டுக்குக் கொடுத்த காசைக் கணக்குப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

மாறுவதற்கு ஒரு மணித்தியாலம் போதும் என்று டிக்கெட் சொல்லலாம். முதல் தடவை போகிறவருக்கு, அதுவும் ஆங்கிலம் தயங்கித் தயங்கிப் பேசுகிறவருக்கு, இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறைய எடுக்காதீர்கள் என்பது என் எண்ணம். இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து ஒட்டவைப்பதும் வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டிவரும்.

விசா விஷயத்தைத் தூரக் கணக்குக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் வெறுமனே மாறுவதற்கே ட்ரான்சிட் விசா தேவைப்படும். லண்டன் வழிக்கும் அப்படியொரு விதி உண்டு. கனடா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் விலக்கு கிடைப்பதுண்டு. அதை விமானக் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகு காசு கட்டுங்கள்.

மலையிலிருந்து இறங்கும் கணக்கு

விமானம் ஹட்டனில் இருந்து கிளம்புவதில்லை. நம் ஆட்கள் அடிக்கடி தவறவிடும் துண்டு இதுதான். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் நாலரை, ஐந்து மணித்தியாலம். அதே நேரத்தில் விமானம் கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்கே போய்விடும்! 150 கிலோமீற்றருக்கு நாம் எடுக்கும் நேரத்தில் அது 3,000 கிலோமீற்றருக்கு மேல் தாண்டுகிறது.

இதைப் பின்னாலிருந்து முன்னால் எண்ண வேண்டும். விமானம் பகல் 1 மணிக்கு. மூன்று மணித்தியாலத்துக்கு முன் நிலையத்தில் நிற்க வேண்டும், ஆகவே 10 மணி. வேன் ஐந்து மணித்தியாலம், ஆகவே 5 மணி. ஒரு மணித்தியாலம் கைச்செலவுக்கு, அதாவது பனிமூட்டம், டயர் பஞ்சர், கித்துல்கலையில் தேத்தண்ணி, வாந்தி எடுக்கும் தங்கச்சி. ஆகவே ஹட்டனை விட்டு அதிகாலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். பொகவந்தலாவைத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல். டிவிஷன் ரோட்டில் கிடங்கு எத்தனை என்பதைப் பொறுத்து இன்னும் கூடும். ஆக, லயத்து வாசலில் வேன் நிற்க வேண்டியது இரவு 2.30க்கு.

மழைக்காலம் என்றால் இன்னும் இரண்டு மணித்தியாலம் சேர்த்துவிடுங்கள். மண்சரிவு விழுந்தால் ரோட்டுக்கு மாற்றுவழி எடுக்கலாம், ரயில் பாதைக்கு மாற்றே கிடையாது. கோச்சியை நம்பி விமானம் ஏறப் போகாதீர்கள். முடிந்தால் முதல் நாளே இறங்கி நீர்கொழும்பு, ஜா-எல பக்கம் உறவுக்காரர் வீட்டில் தங்குவது நிம்மதி.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, அதில் நாங்களே விழுந்தோம். சித்தி மகள் குவைத்துக்கு வேலைக்குப் போகக் கிளம்பினாள். டிக்கெட்டில் 15ஆம் திகதி, 00:40 என்று இருந்தது. "பதினஞ்சாந் திகதி ராத்திரி" என்று வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டோம். 15ஆம் திகதி பகல் சாமி கும்பிட்டு, தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் பார்சல் கட்டி, வேனில் பதினொரு பேர் ஏறி இறங்கினோம். இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்ற காவலர் தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், இந்த விமானம் இன்று விடியலிலேயே போய்விட்டதென்று. 15ஆம் திகதி 00:40 என்பது 14ஆம் திகதி நள்ளிரவு தாண்டி நாற்பதாவது நிமிடம். அவள் 14ஆம் திகதி பகலே மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். டிக்கெட் எடுத்துக் கொடுத்த இடத்தில் "நீங்கதானே பாத்திருக்கணும்" என்று கையை விரித்துவிட்டார்கள். புது டிக்கெட்டுக்குச் சித்தி தோடு அடகுக்குப் போனது. திரும்பி ஏறும்போது வேனில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த ரொட்டியை அவிழ்க்கவும் இல்லை.

மத்திய கிழக்கு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. அதனால் இப்போது என் கடையில் டிக்கெட் பிரிண்ட் எடுத்தால், ஏறும் நேரம் 00:00க்கும் 06:00க்கும் இடையில் இருந்தால், சிவப்புப் பேனாவால் மேலே எழுதிக் கொடுக்கிறேன்: "வீட்டை விட்டுக் கிளம்புவது முதல் நாள், இத்தனை மணிக்கு." காசு வாங்குவதில்லை. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் ஒன்று என்ற குறி இருந்தால் அதையும் விளக்குவேன். அடுத்த நாள் போய்ச் சேருகிறது என்று பொருள். கூட்டிக்கொண்டு போக வருகிறவருக்கு அந்தத் திகதியைத்தான் அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டினால்

அந்த அம்மாவுக்குத் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். எல்லாம் நம் ஊர் நேரத்தில். இரவு 2.30க்கு லயத்து வாசல். காலை 10 மணிக்குக் கட்டுநாயக்க. பகல் 1 மணிக்கு விமானம் நகரும். நள்ளிரவு 12க்கு ஹீத்ரோவில் வாசலில் நிற்கும். குடிவரவு வரிசை, பெட்டி, வெளியே வரும் நடை, இதற்கு ஒன்றரை மணித்தியாலம். மகள் போவது லெஸ்டருக்கு, அங்கிருந்து பஸ்ஸில் காத்திருப்போடு மூன்று மணித்தியாலம். விடுதி அறைக் கதவைத் திறக்கும்போது இங்கே மறுநாள் அதிகாலை 4.30. மொத்தம் 26 மணித்தியாலம். அதில் ஆகாயத்தில் இருந்தது 11.

அவர் விரலை அந்தக் கோடுகளின் மேல் ஓட்டிக்கொண்டே போனார். 26 என்ற எண்ணில் நிற்கவில்லை. நள்ளிரவு 12க்கும் 4.30க்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் விரல் நின்றது.

"அப்ப தம்பி, எறங்கிட்டேன்னு புள்ள எத்தன மணிக்குப் பேசுவா?"

"வெளிய வந்து வைஃபை புடிக்க ஒன்றரை ஆகும்மா. ரெண்டு மணின்னு வச்சுக்கங்க. அதுக்கு முன்ன அடிக்கலன்னா பயப்படாதீங்க."

பேனாவைக் கேட்டு வாங்கி, தன் கையெழுத்தில் "ராத்திரி 2" என்று எழுதிக்கொண்டார். பிறகு கைபேசியை நீட்டினார். அலாரம் வைக்கத் தெரியாதாம், அதையும் நான்தான் வைத்துக் கொடுத்தேன்.